பதிவும் உரிமையும்

ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கியவர், பின்னர் நீதிமன்றப் படியேறுவது ஏன்? காரணங்கள் பலவற்றுள் ஒன்றை மட்டும் இன்று விளக்குகின்றேன்.

"பத்திரம் பதிவாகிவிட்டது, இனி அச்சமில்லை" என்று பலர் எண்ணுகின்றனர். பதிவு இன்றியமையாததே. ஆயினும் அது, இன்னார் இன்னார்க்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குச் சான்று. எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்பதற்கு உறுதியன்று. தமக்கில்லாத உரிமையை எவரும் பிறர்க்கு அளித்தல் இயலாது. நால்வருக்குச் சம உரிமையுள்ள வீட்டை ஒருவர் மட்டும் விற்பாராயின், வாங்கியவரைச் சேர்வது அவருடைய கால்பங்கே. ஏனையோர் வழக்குத் தொடுக்கலாம்.

வழக்கிலுள்ள நிலத்தை வாங்குவது இதனினும் இடர். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, அவ்வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். "வழக்கிருப்பதை அறியேன்" என்னும் விடை அங்கே செல்லாது.

வில்லங்கச் சான்று போதாதோ எனின், போதாது. பதிவானவையே அதில் தோன்றும். உயிலைப் பதிவு செய்வதோ சட்டப்படி கட்டாயமன்று.

கணக்கில் இடைப்படி ஒன்று பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்று வகுப்பில் கூறுவேன். மூலப் பத்திரங்களின் வரிசையும் அத்தகையதே. உங்கள் இல்லத்தில் மனை வாங்கும் பேச்சு எழுந்தால், அவ்வரிசையை முதலிலிருந்து படியுங்கள். வாரிசுகள் எத்துணையர் என வினவுங்கள். வழக்குண்டா என்பதை வழக்கறிஞர் வாயிலாக அறியச் சொல்லுங்கள். முன்பணம் அதன் பின்னரே கொடுக்கத் தக்கது.