பெருந்தகை யூசேபியோ

போர்த்துக்கல் தேசம் தன் ஜனாதிபதிகளுக்கும் கவிஞர்களுக்கும் இறுதி மரியாதை செலுத்தி வைத்திருக்கும் லிஸ்பன் நகரத்துத் தேசிய மண்டபத்தில், பந்து உதைத்துக் கீர்த்தி பெற்றவர் ஒருவரும் இருக்கிறார். அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கால்பந்து வீரரான அவர் போர்த்துக்கலில் பிறந்தவர் அல்லர் என்பதும், அவர் பிறந்த மண்ணை அந்நாடு அடிமைப்படுத்தி ஆண்டுகொண்டிருந்த காலத்தில்தான் அதன் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றார் என்பதும், அவருடைய சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய விஷயங்கள்.

யூசேபியோ ட சில்வா ஃபெரேரா 1942 ஜனவரி 25-ஆம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கின் தலைநகரான லொரன்சோ மார்க்கெஸில் பிறந்தார். இன்று மபூட்டோ என்று பெயர் மாறியிருக்கும் அந்நகரில், மஃபலாலா என்னும் ஏழை ஜனங்களின் குடியிருப்பே அவர் வளர்ந்த இடம். தந்தை அங்கோலாவிலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் ரணஜன்னியால் இறந்தபோது யூசேபியோவுக்கு வயது எட்டு. தாய் எலிசாவின் உழைப்பில் குடும்பம் காலந்தள்ளியது. பந்து வாங்க வகையில்லாத அக்குடியிருப்புப் பிள்ளைகள், பழைய காலுறைக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து இறுக்கிக் கட்டி, அதையே பந்தாக வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மண் தரையில் ஆடினார்கள். காகித உருண்டை தரையில் பட்டால் எழும்பாது. அதை ஓடவைக்கக் காலின் சாமர்த்தியம் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். பிற்காலத்தில் நிஜமான தோல் பந்து அவர் வலக்காலில் பட்டுப் பறந்த வேகத்துக்கு வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய திறமை லிஸ்பன் வரை எட்டியதற்கு ஒரு முடிதிருத்தும் கடை காரணமாயிற்று என்று சொல்வார்கள். மொசாம்பிக்கில் சுற்றுப்பயணம் செய்துவிட்டு வந்த பாவர் என்ற பிரேசில்காரர், அங்கே தாம் கண்ட அதிசயப் பையனைப் பற்றி, பென்ஃபிகா சங்கத்தின் பயிற்சியாளரான ஹங்கேரிக்காரர் பெலா குட்மனிடம் அந்தக் கடையில் வைத்துத்தான் சொன்னாராம். பையனோ, பென்ஃபிகாவின் பரம வைரியான ஸ்போர்ட்டிங் சங்கத்தின் மொசாம்பிக் கிளையில் ஆடிக்கொண்டிருந்தான். இரு சங்கங்களுக்கும் இடையே மூண்ட இழுபறியில், 1960 டிசம்பரில், ரூத் மலோஸ்ஸோ என்ற பெண் பெயரைச் சங்கேதமாக வைத்து அவனை ரகசியமாக லிஸ்பனுக்கு வரவழைத்து, வழக்கு ஓயும் வரையில் தெற்குக் கடற்கரையில் ஓர் ஓட்டலில் ஒளித்து வைத்தார்கள். தாய் எழுதித் தந்த கடிதம் ஒன்றை, மொசாம்பிக்கிலிருந்து முன்னமே வந்து பென்ஃபிகாவின் தூணாக விளங்கிய மரியோ கொலுனாவிடம் சேர்ப்பித்து, அவரையே தந்தை ஸ்தானத்தில் வைத்துக்கொண்ட யூசேபியோ, ஆயுள் முழுதும் அவரை மரியாதைச் சொல் இல்லாமல் அழைத்ததே இல்லை.

1962 மே 2-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், உலகமே வணங்கிய ரியல் மாட்ரிட்டுக்காகப் புஷ்காஷ் மூன்று கோல் போட்டும், இருபது வயது யூசேபியோ பின்பாதியில் அடித்த இரண்டு கோல்கள் 5–3 என்று பென்ஃபிகாவுக்கு ஜயம் தேடித் தந்தன. ஆட்டம் முடிந்ததும், தம் ஆதர்ச வீரரான, ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவின் சட்டையை வாங்கிக்கொண்டதைத்தான், கோப்பையைக் காட்டிலும் பெரிய பாக்கியமாக அவர் பேசுவார். 1965-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்குரிய தங்கப் பந்தும் அவரைத் தேடி வந்தது.

ஆனால் அவருடைய புகழ் உச்சிக்குப் போனது 1966-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில். போர்த்துக்கல் அதற்குமுன் அந்தப் போட்டியில் கால் வைத்ததே கிடையாது. ஜூலை 23-ஆம் தேதி லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க்கில் நடந்த காலிறுதியில், யாரும் எதிர்பாராத வட கொரியா முதல் நிமிஷத்திலேயே ஒரு கோல் அடித்து, இருபத்தைந்தாம் நிமிஷத்துக்குள் மூன்று கோல் முன்னேறிவிட்டது. சகாக்கள் திகைத்து நிற்க, இரண்டே நிமிஷத்தில் யூசேபியோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். கோல் விழுந்த ஆனந்தத்தைக் கொண்டாட நில்லாமல், வலைக்குள் புகுந்து தாமே பந்தைப் பொறுக்கி எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தின் நடுப்புள்ளிக்கு ஓடினார். இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டியில் ஒன்று, பின்பாதியில் 56-ஆம் நிமிஷத்தில் ஒன்று; அதன்பின் இடது ஓரமாகப் பாய்ந்து வந்தவரைக் கொரியர்கள் இடறிவிட, விழுந்த இடத்திலிருந்து எழுந்து, வலியைப் பொருட்படுத்தாமல் அந்தப் பெனால்டியையும் தாமே உதைத்தார். நான்கும் அவர் கோல். கடைசியில் 5–3 என்று போர்த்துக்கல் வென்றது. மூன்று நாள் கழித்து வெம்பிளியில் இங்கிலாந்திடம் 1–2 என்று தோற்றபோது, போர்த்துக்கலின் ஒரே கோலும் அவருடையதே. அன்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர் மைதானத்தை விட்டு வெளியேறிய காட்சியை அந்நாட்டார் இன்றும் மறக்கவில்லை. மொத்தம் ஒன்பது கோல்களோடு அந்தப் போட்டியில் அவரே முதல்வர்.

இவ்வளவு கீர்த்தி பெற்றவருக்குத் தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருக்கவில்லை. இத்தாலியின் பெரிய சங்கங்கள் பெரும் பொருள் தர முன்வந்தும், சர்வாதிகாரி சலாஸரின் அரசாங்கம் தம்மை வெளியே போக விடவில்லை என்பதை அவரே பின்னாளில் மனம் நொந்து கூறியிருக்கிறார். மொசாம்பிக்கில் 1964 முதல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. லிஸ்பன் அரசோ, கறுப்பரும் வெள்ளையரும் தன் குடையின் கீழ் ஒன்றே என்று உலகுக்குக் காட்ட இந்த வீரரைச் சாட்சியாக நிறுத்தியது. அதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இதனோடு அவருடைய இடது முழங்காலைத் திரும்பத் திரும்ப அறுத்துச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலோடுதான் அவர் 1968-இலும் 1973-இலும் ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார். பென்ஃபிகாவுக்குப் பதினொரு முறை லீக் பட்டம் தேடித் தந்ததும் அவர் பங்கேற்ற அணிகளே.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, 1968 மே 29-ஆம் தேதி வெம்பிளியில் நடந்த ஒரு சிறு சம்பவம். மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். இரு தரப்பும் ஒவ்வொரு கோலோடு சமமாக நிற்க, ஆட்டம் முடியும் தறுவாயில் தடுப்பார் எவருமின்றி யூசேபியோ கோல்கீப்பர் எதிரே வந்துவிட்டார். மெல்லத் தட்டியிருந்தாலே போதும். அவரோ தம் முழுப் பலத்தோடும் உதைத்தார். அலெக்ஸ் ஸ்டெப்னி அந்தப் பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கோப்பையே கை நழுவிப் போன அந்தக் கணத்தில், தலையில் அடித்துக்கொள்ளாமல், நடுவரை முறைக்காமல், யூசேபியோ நின்று அந்தக் கோல்கீப்பருக்குக் கைதட்டினார். கூடுதல் நேரத்தில் பென்ஃபிகா 1–4 என்று தோற்றது. தம் வெற்றியைத் தடுத்தவனின் வித்தையை அந்த விநாடியிலேயே மதிக்கும் மனம் பயிற்சியால் வருவதன்று; பெரிய குணவான்களிடம் இயல்பாகவே இருப்பது.

1975-இல் பென்ஃபிகாவை விட்டபின் அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்ஸிகோவிலும் ஆடினார். 1976-இல் டொராண்டோ அணியோடு வட அமெரிக்கப் பட்டமும் பெற்றார். இடையே பெய்ரா-மார் என்ற சிறு சங்கத்துக்கு ஆடுகையில் பென்ஃபிகாவையே எதிர்க்க நேர்ந்தபோது, பழைய வீட்டாருக்கு எதிராகக் கோல் அடிக்க மனம் ஒப்பாமல், கிடைத்த ஃப்ரீ கிக்கைக்கூடத் தாம் உதைக்க மறுத்துவிட்டார். சம்பளம் தந்தவர்களுக்கு அது நியாயமா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் இடம் உண்டு.

2014 ஜனவரி 5-ஆம் தேதி அவர் காலமானபோது போர்த்துக்கல் மூன்று நாள் துக்கம் அனுஷ்டித்தது. மறு ஆண்டு ஜூலையில் அவர் உடலைத் தேசிய மண்டபத்துக்குக் கொண்டுசென்றார்கள். அவர் தந்தையாக வரித்த கொலுனாவோ, மொசாம்பிக் சுதந்திரம் பெற்றபின் தாய்நாடு திரும்பி, அங்குள்ள கால்பந்துச் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கி, யூசேபியோ காலமான அதே 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி மபூட்டோவில் கண்மூடினார். ஒருவர் லிஸ்பனில் தங்கினார், மற்றவர் ஊர் திரும்பினார். இருவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.