பத்து சென்ட் காப்பி

"அந்தக் காலத்தில் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் பை நிறையச் சாமான் வாங்கி வரலாம்" என்று பாட்டிமார் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் நாம் வாய் பிளந்து கேட்கிறோம். பாட்டி சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த ஒரு ரூபாயைச் சம்பாதிக்கத் தாத்தா எவ்வளவு நேரம் உழைத்தார் என்று நாம் கேட்பதில்லை, பாட்டியும் சொல்வதில்லை. பழைய விலைவாசியைப் பற்றிய பேச்சுக்கு எந்த நாட்டிலும் இந்தக் குறை உண்டு. நாம் இப்போது கடல் கடந்து, 1960 முதல் 1964 வரையிலான அமெரிக்காவுக்குப் போய் வருவோம். அங்கே அன்று என்ன விலை, மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், என்ன செய்தி கேட்டார்கள் என்று பார்ப்போம். கையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும்.

ஒரு டாலருக்கு நூறு சென்ட். அந்நாளில் நம் பணத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 4 ரூபாய் 76 காசு. ஐந்து சென்ட் நாணயத்தை 'நிக்கல்' என்றும், பத்து சென்ட் நாணயத்தை 'டைம்' என்றும் அழைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: மதிப்பில் இருமடங்கான டைம், உருவத்தில் நிக்கலைவிடச் சிறியது! அன்றைய டைம் வெள்ளி நாணயம் என்பதே காரணம்.

ஒரு நிக்கலுக்கு ஹெர்ஷி சாக்லேட் ஒன்று கிடைத்தது. கடிதத்துக்கு 4 சென்ட் தபால் தலை. 1963 ஜனவரியில் அது 5 சென்டாக உயர்ந்தது. ஒரு பவுண்டு ரொட்டி சுமார் 20 சென்ட், ஒரு டஜன் முட்டை சுமார் 57 சென்ட். மக்டொனால்ட்ஸ் கடையில் ஹாம்பர்கர் 15 சென்ட். நியூயார்க் நகரில் சுரங்க ரயிலில் ஏறவும் அதே 15 சென்ட்தான். காருக்குப் பெட்ரோல், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு காலன், சுமார் 31 சென்ட். உணவு விடுதியில் ஒரு கோப்பை காப்பி பெரும்பாலும் பத்து சென்ட். இதைப் படித்ததும், "ஆகா, அன்றே பிறந்திருக்கலாமே!" என்று தோன்றுகிறதன்றோ? சற்றுப் பொறுப்போம்.

1960இல் அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர். 1961 செப்டம்பரில் அது 1 டாலர் 15 சென்டாகவும், 1963 செப்டம்பரில் 1 டாலர் 25 சென்டாகவும் உயர்ந்தது. மணிக்கு ஒரு டாலர் வாங்கும் தொழிலாளி ஒரு டஜன் முட்டைக்கு முப்பத்து நான்கு நிமிடம் உழைக்க வேண்டும். அக்காலத்தில் புதுமையாக வந்துகொண்டிருந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் விலை ஏறத்தாழ 500 டாலர். அதாவது 500 மணி நேர உழைப்பு. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று கொண்டால், உண்ணாமல் உடுக்காமல் பன்னிரண்டரை வாரம்! அந்த ஒரு டாலரும் எல்லாருக்கும் உரியதன்று. வயலில் உழைத்தவர்களையும், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்களையும் அச்சட்டம் அப்போது தொடவேயில்லை.

விலையைக் கூலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை ஒரு நாட்டுக்கே கணக்காக்கிக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் மாலி ஓர்ஷான்ஸ்கி. உக்ரைனிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், கணிதம் படித்தவர், சமூகப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர். ஏழை என்று யாரைச் சொல்வது? இக்கேள்விக்கு அரசாங்கத்திடம் அப்போது தெளிவான விடை இல்லை. ஓர்ஷான்ஸ்கி சமையலறையிலிருந்து தொடங்கினார். மிகச் சிக்கனமாக, ஆனால் சத்துக் குறையாமல் ஒரு குடும்பம் உண்ண என்ன செலவாகும் என்பதற்கு வேளாண்மைத் துறையின் பட்டியல் ஒன்று இருந்தது. சாதாரணக் குடும்பங்கள் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே அந்த உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,100 டாலர் என்று வந்தது. அதற்குக் கீழே வருமானம் உள்ள குடும்பம் வறுமையில் உள்ளது என்று பொருள்.

எவ்வளவு எளிய கணக்கு! நம்முள் எட்டாம் வகுப்பு மாணவிகூடப் போட்டுவிடலாம்.  இக்கணக்கின்படி பார்த்தால் 1960இல் அமெரிக்கரில் ஐவரில் ஒருவருக்கும் அதிகமானோர் வறியவர்! பளபளக்கும் கார்களும் குளிர்பெட்டிகளும் நிறைந்த விளம்பரப் படங்களில் இவர்கள் தென்படவில்லை. விலைவாசிக்கு ஏற்பத் திருத்தி, அந்த நாட்டில் இன்றும் அவருடைய கோட்டையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

இனி வீட்டுக்குள் நுழைவோம். 1960இல் பத்தில் ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படந்தான். நாடு முழுவதற்கும் மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள். மாலைச் செய்தி வெறும் பதினைந்து நிமிடம். 1963 செப்டம்பரில்தான் அது அரைமணி நேரமாயிற்று. 1960 செப்டம்பர் 26ஆம் நாள் தேர்தல் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் வாதிட்டதைச் சுமார் ஏழு கோடிப் பேர் கண்டனர். அத்தேர்தலில் வென்ற கென்னடி, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர். கத்தோலிக்கர் ஒருவர் அப்பதவிக்கு வரலாமா என்று பலர் ஐயுற்றதால், ஹூஸ்டன் நகரில் பிற சபைக் குருக்கள் முன் நின்று அவர் தம் நிலையை விளக்க வேண்டியிருந்தது.

அந்நாளில் அமெரிக்கக் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைதோறும் புலால் தவிர்த்தனர். சின்சினாட்டி நகரில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் இருந்த மக்டொனால்ட்ஸ் கிளை ஒன்றில் வெள்ளிக்கிழமை வந்தால் ஹாம்பர்கர் விற்பனை படுத்துவிடும். அக்கிளையின் உரிமையாளர் 1962இல் மீன் வைத்த ரொட்டியைச் செய்து விற்றார். இன்று உலகெங்கும் விற்கும் அந்தப் பண்டம், ஒரு சந்தி நாளின் பசிக்குப் பிறந்தது!

செய்திகள் யாவும் இனியவையாக இல்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தபோது, அணுப்போர் மூளுமோ என்று உலகமே நடுங்கியது. 1963 நவம்பர் 22ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அழுதது.

பெண்கள் நிலை என்ன என்று நாம் கேட்காமல் இருக்க முடியுமா? செய்தித்தாளில் 'ஆள் தேவை' விளம்பரங்களே ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் வெளிவந்தன. நல்ல ஊதியமுள்ள வேலைகள் பெரும்பாலும் எந்தப் பக்கத்தில் இருந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. முழுநேர வேலையில் ஓர் ஆண் ஒரு டாலர் ஈட்டியபோது பெண் ஈட்டியது ஏறத்தாழ அறுபது சென்ட். சமவேலைக்குச் சமஊதியம் என்ற சட்டத்தில் கென்னடி 1963 ஜூன் 10ஆம் நாள் கையெழுத்திட்டார்.

இப்போது அந்தப் பத்து சென்ட் காப்பிக்கு வருவோம். காசு இருந்தால் காப்பி கிடைக்கும் என்றுதானே நினைத்தோம்?

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஓர் ஊர். அங்கே உல்வொர்த் என்ற பெரிய கடை. பற்பசை முதல் நோட்டுப் புத்தகம் வரை யாரும் வாங்கலாம். கடைக்குள்ளேயே சிற்றுண்டி பரிமாறும் நீண்ட மேடை ஒன்றும், அதன் முன் வரிசையாக நாற்காலிகளும் இருந்தன. அந்த நாற்காலிகளில் வெள்ளையர் மட்டுமே அமரலாம். மேடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவக் கறுப்பினத்தவர் வேண்டும்; மேடைக்கு முன்னால் அவர்கள் உட்காரலாகாது.

1960 பிப்ரவரி முதல் நாள், அவ்வூர்க் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நால்வர் அக்கடைக்குள் சென்றனர். எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்பன அவர்கள் பெயர்கள். நால்வரும் கறுப்பின இளைஞர். முதலில் சில சிறு பொருள்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக் கொண்டனர். பிறகு சிற்றுண்டி மேடைக்குச் சென்று அமர்ந்து காப்பி கேட்டனர். கிடைக்கவில்லை. "அங்கே எங்கள் காசை வாங்கிக்கொண்டீர்கள், இங்கே மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?" என்பதே அவர்கள் கேள்வி. ரசீது கையில் இருந்ததே! கடை மூடும் வரை அவர்கள் எழவில்லை. மேடைக்குப் பின்னால் வேலை செய்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் அவர்களைக் கடிந்துகொண்டார். வம்பு வந்துவிடுமே என்ற அச்சம். வயது முதிர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரோ அருகே வந்து, இதைச் செய்ய இத்தனை காலம் எடுத்துக்கொண்டீர்களே என்று குறைப்பட்டுக் கொண்டாராம். இதைப் பின்னாளில் மெக்கெய்னே கூறியிருக்கிறார்.

மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். பென்னெட் என்ற பெண்கள் கல்லூரியின் மாணவியரும் இப்போராட்டத்தில் முன்னின்றனர். வாரக் கடைசியில் கூட்டம் ஆயிரத்தை எட்டியது. பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேடையில் வைத்துப் படித்தபடி அமர்ந்திருந்தவர்களும் உண்டு. வசைமொழி கேட்டனர்; திருப்பிப் பேசவில்லை. சில வாரங்களுக்குள் தென் மாநிலங்களின் பல ஊர்களுக்கு இவ்வழி பரவிற்று.

இவ்வழி எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். காந்தியடிகளின் அறவழியைத் தம் மக்களுக்குக் கற்பித்த மார்ட்டின் லூதர் கிங், 1959இல் மனைவி கொரெட்டாவுடன் இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார்; கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்துவைத்தாராம்! கிங் முதலில் திடுக்கிட்டார், மனமும் நொந்தார். பின்னர் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், அது உண்மையே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். 1965இல் ஒரு மறையுரையில் அவரே இதைச் சொன்னார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அறிமுகம் எப்படி விளங்கியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கிரீன்ஸ்பரோ கடையில் வியாபாரம் சரிந்தது. ஆறு மாதம் ஆவதற்குள், 1960 ஜூலை 25ஆம் நாள், அந்த மேடை எல்லாருக்கும் திறக்கப்பட்டது. அன்று முதன்முதலாக அமர்ந்து உண்ட கறுப்பினத்தவர், அக்கடையிலேயே வேலை பார்த்து வந்த ஊழியர் நால்வர். உணவு விடுதிகளில் இத்தகைய பாகுபாட்டை நாடெங்கும் தடைசெய்த சட்டம் 1964 ஜூலை 2ஆம் நாள்தான் கையெழுத்தாயிற்று. அந்த மேடையின் ஒரு துண்டும் நான்கு நாற்காலிகளும் இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.