மின்சார வண்டி ஓட்டத்தில் சேதாரம்: டயரும் குளிரும் எவ்வளவு கழிக்கின்றன?

புளி கொள்முதல் செய்தால் கொட்டையும் நாரும் கழித்தும், மிளகாய் இருப்பு வைத்தால் காய்ந்து குறையும் எடையைக் கழித்தும் கணக்குப் போடுவது நம் வணிகர்களுக்குப் புதிதன்று. மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையை அப்படியே விற்பனை எடையாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மின்சார கார் அல்லது சரக்கு வண்டி வாங்கும்போது மட்டும், “ஒருமுறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர்” என்று அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி, அதற்கேற்பக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பாதையை வகுத்துவிடுகிறோம்.

அந்த எண் பொய் எண் அன்று. பரிசோதனைக் கூடத்தில், மிதமான வெப்பநிலையில், வகுத்து வைத்த வேகத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி அளந்த எண் அது. சாலைக்கு வந்தால் சேதாரம் உண்டு. அதில் பலரும் கணக்கில் சேர்க்காத இரண்டு இனங்கள் டயரும் குளிரும் ஆகும்.

யூனிட்டில் கணக்கிடுவோம்

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று குறிப்பிடுவார்கள். நம் கடையின் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்டும் அதுவும் ஒன்றேதான். 30 யூனிட் பேட்டரி கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடினால் மொத்தம் 210 கி.மீ. கிடைக்கும். அதாவது 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 14 யூனிட் செலவு. இதை வைத்தே மேலே பார்ப்போம்.

டயர் தின்னும் பங்கு

வண்டி உருளும்போது டயர் தரையில் படும் இடத்தில் நசுங்கி, அடுத்த கணமே பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகிப் போய்விடுகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டால் தெரியும் சூடு, பெரும்பாலும் பேட்டரியிலிருந்து போன யூனிட்தான்.

இதற்கு ஓர் அளவு உண்டு. நடுத்தரமான டயர் பூட்டிய வண்டியைச் சமதரையில் சீராக உருட்ட, ஒரு டன் எடைக்குச் சுமார் 10 கிலோ விசை வேண்டும். நல்ல டயராக இருந்தால் 7 கிலோ போதும். ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களில் இதைக் குறிக்கும் முத்திரைச் சீட்டு ஒட்டப்படுகிறது. 2021-ல் மாற்றியமைத்த சீட்டின்படி, கார் டயரில் டன்னுக்கு 6.5 கிலோவோ அதற்குக் குறைவோ ஆனால் ‘ஏ’ தரம், 10.6 கிலோவும் அதற்கு மேலும் ஆனால் கடைசித் தரமான ‘இ’.

நம் கார் ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் என்று கொண்டால், 10 கிலோ டயரில் 100 கி.மீ. உருள 4 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். 7 கிலோ டயரில் 3 யூனிட்டுக்கும் குறைவு. மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் வித்தியாசம் ஏறத்தாழ 1.4 யூனிட். முழு பேட்டரிக்கு இது 20 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். வண்டி அதுவே, ஓட்டுநர் அவரே. மாறியது டயர் மட்டும்தான்.

கம்பெனியிலிருந்து வரும்போது மின்சார வண்டிகளில் பெரும்பாலும் இலகுவாக உருளும் டயரையே பூட்டித் தருகிறார்கள். அது தேய்ந்தபின் விலை மலிவாகக் கிடைத்த வேறொன்றை மாட்டினால், “பேட்டரி போய்விட்டது” என்று வருந்தும் நிலை வருகிறது. உண்மையில் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அதே ரகத்தில் புது டயர் போட்டாலும் முதலில் ஓட்டம் சற்றுக் குறையும். தேய்ந்த டயரைவிடப் புது டயரில் நசுங்குவதற்கு ரப்பர் அதிகம் என்பதே காரணம். அதற்காக வழுக்கையான டயரிலேயே காலம் தள்ளுவது உயிருக்கு உலை வைப்பதாகும்.

டயரின் பங்கு எடையோடு நேராக ஏறும். 900 கிலோ வண்டியில் 600 கிலோ அரிசி மூட்டை ஏற்றினால், உருட்டும் செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடும். எனவே காலி வண்டியில் ஓட்டிப் பார்த்த கணக்கு, லோடு வண்டிக்கு உதவாது.

காற்றும் ஒரு சரக்கே

காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும். யூனிட் அதிகம் போகும். நான்கு டயரிலும் ஒரு பவுண்டு காற்று குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை பெட்ரோல் வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கு. மின்சார வண்டியில் எஞ்சின் வீணாக்கும் வெப்பம் இல்லாததால், மொத்தச் செலவில் டயரின் பங்கு பெரிது. காற்றுக் குறைவும் அந்த அளவுக்கு அதிகமாகவே உறைக்கும்.

பஞ்சர் இல்லாவிட்டாலும் டயரிலிருந்து மாதம் ஒரு பவுண்டு அளவுக்குக் காற்று தானே கசியும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் மேலும் ஒன்றரை பவுண்டு குறைந்து காட்டும். நண்பகல் வெயிலில், ஓடிச் சூடான டயரில் அளந்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று வந்தால், மறுநாள் விடியற்காலையில் அது குறைவாகவே இருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன் அளப்பதே சரியான அளவு.

குளிர் செய்யும் கழிவு

லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரம் வருவதும் போவதும் ஒரு வேதிப் பொருள் மாற்றத்தால். உறைந்த தேங்காய் எண்ணெய் புட்டியிலிருந்து வர மறுப்பதைப்போல, குளிரில் இந்த மாற்றமும் மந்தமாகிறது. காற்று கனத்து வண்டியை அதிகம் எதிர்க்கிறது. டயர் ரப்பரும் விறைக்கிறது. ஆனால் இவையெல்லாம் சில்லறைச் செலவே. பெருஞ்செலவு ஹீட்டர்.

பெட்ரோல் எஞ்சின் தான் எரிப்பதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர்நாட்டில் காருக்குள் கதகதப்பு அந்த வீண் வெப்பத்திலிருந்து இலவசமாகக் கிடைத்துவிடும். மின்சார மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. ஆகவே கதகதப்புக்கு யூனிட்டை விலையாகக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் ஐந்து மின்சார கார்களைச் சோதித்தது. 24 டிகிரி செல்சியஸில் கிடைத்த ஓட்டத்தோடு ஒப்பிட்டால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 7 டிகிரிக் குளிரில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டபோது 41 சதவீதம் குறைந்தது. இடையே உள்ள வித்தியாசம் முழுவதும் ஹீட்டரின் கணக்கு. நம் 210 கி.மீ. காரை அதில் வைத்துப் பார்த்தால், கையில் நிற்பது 124 கி.மீ. மட்டுமே.

ஹீட்டர் மணிக்கணக்கில் செலவழிக்கும்; கிலோமீட்டர் கணக்கில் அன்று. 2 கிலோவாட் ஹீட்டர், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. போவதற்குள் 3 யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 10 யூனிட் போய்விடும். இதனால்தான் ‘ஹீட் பம்ப்’ என்ற அமைப்பு வந்தது. ஏ.சி.யைத் திருப்பி ஓட்டுவது போன்ற இது, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து, ஒரு யூனிட் செலவில் பல சமயம் இரண்டு யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தருகிறது.

சார்ஜ் ஏற்றுவதிலும் குளிர் குறுக்கிடும். உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால், லித்தியம் பேட்டரிக்குள் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதைத் தடுக்க வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் கடுங்குளிர் தாக்கியபோது அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் சார்ஜ் நிலையங்களில் கார்கள் வரிசைகட்டி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதைவிடக் குளிர்ந்த இடங்களைக் கொண்ட நார்வேயில், 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்களே. அங்குள்ளோர் குளிர்காலக் கழிவை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வண்டியைச் சொருகியிருக்கும்போதே, வீட்டு மின்சாரத்திலேயே உள்ளே சூடேற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

சமவெளி ஊர்களில் குளிர் நமக்குப் பொருட்டன்று. ஆனால் அதே சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டியபோது ஓட்டம் 17 சதவீதம் குறைந்தது. இது நம் சித்திரை, வைகாசிக்கு உரிய கணக்கு. டயரின் கழிவோ ஆண்டு முழுவதும் உண்டு.

உதகைக்குக் காய்கறி எடுக்கச் செல்வோருக்கு உயரம் இன்னொரு செலவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஒன்றரை டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 8 யூனிட் வேண்டும். இறங்கும்போது மோட்டார் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மார்கழிப் பனியில் குளிர்ந்து கிடக்கும் பேட்டரியும், முழுதாக நிரம்பிய பேட்டரியும் அதை வாங்கிக்கொள்ளா. மலைமேல் இரவில் முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு விடியலில் இறங்கினால் அந்த வரவு நட்டம்; பிரேக்குக்கும் பாரம்.

கைக்கொள்ள வேண்டியவை:

1. வண்டி வாங்குமுன், உங்கள் வழக்கமான சரக்கை ஏற்றி, உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

2. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில், ஓடாத டயரில் காற்று அளக்கவும். கதவருகே ஒட்டியுள்ள அளவே அளவு. லோடுக்குத் தனி அளவு இருந்தால் அதைப் பின்பற்றவும்.

3. டயர் மாற்றும்போது எளிதில் உருளும் தரத்தோடு, ஈரச் சாலையில் பிடிக்கும் தரத்தையும், தாங்கும் எடையையும் கேட்டு வாங்கவும். ஒன்றுக்காக மற்றதை விடக்கூடாது.

4. குளிரூட்டுவதையும் சூடேற்றுவதையும் வண்டி சொருகியிருக்கும்போதே முடித்துக்கொள்ளவும்.

5. மலையிலிருந்து இறங்குமுன் பேட்டரியில் சிறிது இடம் விட்டுவைக்கவும்.

6. ஓடிய கிலோமீட்டர், ஏறிய யூனிட் இரண்டையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்பது திடீரென்று இறங்கினால், முதலில் டயரைப் பாருங்கள். பேட்டரியைப் பிறகு பார்க்கலாம்.

ஓராண்டு எழுதிய அந்தக் குறிப்பேடு, எந்த விளம்பரத்தையும்விட உங்கள் வண்டியைப் பற்றிச் சரியாகச் சொல்லும். அதில் வரும் மிகக் குறைந்த எண்ணை வைத்துச் சரக்குப் பாதையை வகுத்துக்கொண்டால், நடுவழியில் வண்டி நின்று, சொன்ன நேரத்துக்குச் சரக்குப் போகாமல், வாடிக்கையாளரிடம் நாணயம் கெடும் நிலை வராது.