பொருளும் பேசும் ஓவியம்

நுழையும்முன்

ஓவியம் என்றவுடன் துணியும் தூரிகையும் வண்ணமுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. மரப்பட்டையும் தகரமும் தேன்மெழுகும் நூலும் கண்ணாடியும் செய்தித்தாளும் ஓரிடத்தில் கூடி ஓவியமாகும் மரபும் உலகில் உண்டு. மெக்சிகோ நாட்டு மக்கள் தம் துயரையும் நன்றியையும் இறந்தோர் நினைவையும் எளிய பொருள்களில் பதித்துக் காத்தனர். அப்பொருள்களும் குறியீடுகளும் இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலைஞர்களுக்கு ஊற்றாயின. அக்கலையின் வேரையும் வளர்ச்சியையும் விளக்குகிறது இக்கட்டுரை.

கலப்பு ஊடகம்

ஒரே படைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகங்களை இணைத்து உருவாக்கப்படும் ஓவியம் கலப்பு ஊடக ஓவியம் எனப்படும். நீர்வண்ணம், எண்ணெய்வண்ணம், மை ஆகியவற்றுடன் தாள், துணி, உலோகம், மணல், மரம் முதலியவையும் இதில் இடம்பெறலாம். 1912ஆம் ஆண்டில் பாப்லோ பிக்காசோ, நாற்காலிப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, அதன் விளிம்பைக் கயிற்றால் சூழ்ந்தார். நவீன ஓவிய வரலாற்றில் ஒட்டோவியத்தின் தொடக்கமாக அப்படைப்பு சுட்டப்படுகிறது. எனினும், 'கலப்பு ஊடகம்' என்னும் பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நாட்டுப்புறக் கைவினைஞர்கள் கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் கலையாக்கி வந்தனர். அவர்களுள் மெக்சிகோ நாட்டவர்க்குத் தனியிடம் உண்டு.

இவ்வகை ஓவியத்தில் வண்ணம் ஒரு பொருளின் தோற்றத்தைக் காட்டுகிறது. ஒட்டப்பட்ட பொருளோ தானே நேரில் வந்து நிற்கிறது. தீட்டப்பட்ட செய்தித்தாள் ஓர் உருவம். ஒட்டப்பட்ட செய்தித்தாள் ஒரு சான்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் மெக்சிகோவின் கலையை உணர்வது எளிதாகும்.

மரப்பட்டையில் வாழும் நினைவு

ஸ்பானியர் வருகைக்கு முன்பே மெக்சிகோவில் தாள் இருந்தது. அத்தி இனத்தைச் சேர்ந்த மரங்களின் உட்பட்டையிலிருந்து செய்யப்பட்ட அத்தாள் 'அமாத்தே' எனப்படுகிறது. ஆஸ்டெக் பேரரசுக்குச் சிற்றூர்கள் செலுத்திய திறைப்பொருள்களுள் தாளும் ஒன்று. மாயா மக்களின் மடிப்பு நூல்களும் மரப்பட்டைத் தாளின்மேல் சுண்ணாம்பு பூசி எழுதப்பட்டவையே.

ஸ்பானியர் நாட்டைக் கைப்பற்றியபின் இந்நூல்களுக்குக் கேடு சூழ்ந்தது. 1562ஆம் ஆண்டில் யுகத்தான் பகுதியிலுள்ள மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்னும் துறவியின் ஆணைப்படி மாயா நூல்கள் தீயிலிடப்பட்டன. வழிபாட்டுச் சடங்குகளில் பயன்பட்டது என்பதால் பட்டைத்தாள் செய்வதும் தடைசெய்யப்பட்டது. ஆயினும், பூப்லா மாநிலத்து மலையூரான சான் பாப்லிட்டோவில் வாழும் ஒட்டோமி மக்கள் அத்தொழிலைக் கைவிடவில்லை. விதைகளின் உயிராற்றலைக் குறிக்கும் உருவங்களைத் தாளில் வெட்டி, விளைச்சல் வேண்டிச் சடங்கு செய்வதற்காக அதனைத் தொடர்ந்து செய்து வந்தனர்.

உரித்தெடுத்த பட்டையைச் சுண்ணாம்போ சாம்பலோ கலந்த நீரில் வேகவைப்பர். வெந்த நாரைப் பலகையின்மேல் கட்டம் கட்டமாகப் பரப்பி, தட்டையான கல்லால் தட்டுவர். நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே படலமாகும். பின்னர்ப் பலகையோடு வெயிலில் உலர்த்தித் தாளை உரித்தெடுப்பர். 1960களில், அதுவரை மண்கலங்களில் ஓவியம் தீட்டி வந்த கெரேரோ மாநிலத்து நாவா மக்கள், இத்தாளில் பறவைகளையும் விழாக்களையும் வயல் வேலைகளையும் தீட்டத் தொடங்கினர். ஓர் இனம் காத்த தாளும் மற்றோர் இனம் காத்த வண்ணமரபும் இவ்வாறு கைகோத்தன. அமாத்தே ஓவியத்தின் கரடுமுரடான பழுப்பு நிறப் பரப்பு வெறும் பின்னணி அன்று; எரிப்புக்கும் தடைக்கும் தப்பி வந்த ஒரு மரபின் உடல் அது.

தகரத்தில் எழுதிய நன்றி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான தகரத்தகடு மெக்சிகோவில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. ஓவியத்துணி வாங்க இயலாத எளிய மக்களுக்கு அதுவே படப்பரப்பாயிற்று. நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ உயிர் பிழைத்தவர்கள், ஊர் ஓவியரிடம் சொல்லி அந்நிகழ்ச்சியைத் தகரத்தில் தீட்டச்செய்து கோயிலில் காணிக்கையாக வைத்தனர். இவை 'எக்ஸ்வோட்டோ' எனப்படும் நேர்த்திக்கடன் ஓவியங்கள்.

இவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் துயர நிகழ்ச்சி இடம்பெறும். மேல்மூலையில் மேகம் சூழப் புனிதர் ஒருவரோ அன்னை மரியாவோ தோன்றுவர். அடியில், நிகழ்ந்தது என்ன, நாள் எது, காத்தவர் யார் என்பன எளிய மொழியில் எழுதப்பட்டிருக்கும். படமும் எழுத்தும் உலோகமும் ஒன்றாகிய கலப்புப் படைப்பு அது. இதனோடு, கை, கால், கண், இதயம் ஆகியவற்றின் வடிவில் வார்க்கப்பட்ட 'மிலாக்ரோ' என்னும் சிற்றுலோக உருவங்களும் காணிக்கையாக வைக்கப்படும்.

நூலால் தீட்டிய உலகம்

மேற்கு சியெரா மாத்ரே மலைத்தொடரில் வாழும் வீசாரிகா மக்கள் தூரிகையின்றி ஓவியம் படைக்கின்றனர். பலகையின்மேல் தேன்மெழுகையும் பைன்மரப் பிசினையும் கலந்து பூசுவர். அது இளகியிருக்கும்போதே வண்ண நூலை விரலால் அழுத்தி, கோடு கோடாகப் பதித்து உருவங்களை நிரப்புவர். மான், மக்காச்சோளம், பெயோட்டே என்னும் புனிதக் கள்ளி ஆகிய மூன்றும் அவற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும். அம்மக்களின் நம்பிக்கையில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிரிக்கவியலாதவை.

குறியீடுகளின் பொருள்

மெக்சிகோவின் நாட்டுப்புறக் கலையில் மண்டையோடு அச்சத்தின் சின்னம் அன்று. குவெட்சால்கோவாட்டல் என்னும் தெய்வம் கீழுலகிலிருந்து எலும்புகளைக் கொணர்ந்து, குருதி தெளித்து மனிதரைப் படைத்ததாக ஆஸ்டெக் தொன்மம் கூறும். எனவே, எலும்பு முடிவை மட்டுமன்றி முளைப்பையும் குறிக்கிறது. நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் கொண்டாடப்படும் இறந்தோர் நாளில் சர்க்கரையால் மண்டையோடுகள் செய்து, மறைந்தோர்க்குப் படையலிடுவர். இவ்விழா 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அப்படையலுக்கு வழிகாட்டியாகத் தூவப்படும் மஞ்சள்நிறப் பூ 'செம்பசூச்சில்'. தமிழ்நாட்டு மாலைகளில் இடம்பெறும் செண்டுமல்லி இதுவே. இதன் தாயகம் மெக்சிகோ. தேன்சிட்டையொத்த முரல்சிட்டு, போரில் இறந்த வீரரின் மறுபிறவியாகக் கருதப்பட்டது. சப்பாத்திக்கள்ளியின்மேல் அமர்ந்த கழுகு, ஆஸ்டெக் தலைநகரின் தோற்றக் கதையிலிருந்து வந்து இன்று நாட்டின் கொடியில் விளங்குகிறது. சுடர்விடும் இதயமோ, கிறித்தவத்தின் திருஇருதயமும் பழங்குடியினரின் உயிர்க்கருத்தும் கலந்த உருவம்.

ஹொசே குவாதலூப்பே பொசாதா (1852 – 1913) என்னும் அச்சோவியர் எலும்புக்கூட்டைச் சமூக அங்கதத்தின் கருவியாக்கினார். தம் பழங்குடி வேரை மறைத்து ஐரோப்பிய நாகரிகத்தைப் போற்றியோரை எள்ளும் வகையில், பூவும் இறகும் செறிந்த தொப்பியணிந்த பெண்ணின் எலும்புருவை அவர் உலோகத்தகட்டில் செதுக்கினார். 1947ஆம் ஆண்டில் டியேகோ ரிவேரா தம் சுவரோவியத்தில் அவ்வுருவுக்கு முழு உடலும் ஆடையும் தந்தார். இன்று உலகறிந்த 'கத்ரீனா' அவளே.

> தெரிந்து தெளிவோம்
> சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பொடித்துப் பெறும் சிவப்புச் சாயம், ஒஹாக்கா பகுதியின் பெருஞ்செல்வமாக விளங்கியது. புளிப்புச் சாறு சேர்த்தால் அது செம்மஞ்சளாகவும், காரப்பொருள் சேர்த்தால் ஊதாவாகவும் மாறும். ஸ்பானியர் இத்தொழில்நுட்பத்தை மறைவாகக் காத்தனர். அச்சாயத்தை இந்தியாவில் உருவாக்க விரும்பிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றை அமைத்தார்.

ஃபிரிடா காலோ

நாட்டுப்புறப் பொருள்களும் குறியீடுகளும் ஒரு தனிமனித வாழ்வின் மொழியாக மாறியதை ஃபிரிடா காலோவின் (1907 – 1954) படைப்புகளில் காணலாம். 1925 செப்டம்பர் 17 அன்று அவர் சென்ற பேருந்து டிராம் வண்டியோடு மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் முறிந்த அவர், படுக்கையில் இருந்தபடியே ஓவியம் பயின்றார். நேர்த்திக்கடன் தகர ஓவியங்களை அவர் விரும்பிச் சேகரித்தார். அவருடைய நீலவீட்டில் அத்தகைய ஓவியங்கள் நானூறுக்கும் மேல் உள்ளன.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வாழ்ந்தபோது கருச்சிதைவுற்ற துயரை, 1932ஆம் ஆண்டில் சிறியதோர் உலோகத்தகட்டில் தீட்டினார். தகடும் அளவும் துயரக்காட்சியும் நேர்த்திக்கடன் ஓவியத்தைப் போன்றவையே. ஆனால், வானில் புனிதர் இல்லை; காத்தவர்க்கு நன்றியும் இல்லை. மரபின் வடிவத்தை ஏற்று, அதன் ஆறுதலை மட்டும் நீக்கியதால் அவ்வோவியத்தின் வெறுமை காண்போர் நெஞ்சைத் தாக்குகிறது.

1933ஆம் ஆண்டில் படைத்த 'என் ஆடை அங்கே தொங்குகிறது' என்னும் ஓவியம் முழுமையான கலப்பு ஊடகப் படைப்பு. நியூயார்க் நகரின் வானளாவிய கட்டடங்கள், டாலர் குறி பின்னிய சிலுவை, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி ஆகியவற்றை எண்ணெய்வண்ணத்தில் தீட்டினார். அவற்றின் நடுவே, தூண்மேல் வைத்த கழிப்பறைக் கோப்பைக்கும் பொற்கோப்பைக்கும் இடையில் கயிறு கட்டி, மெக்சிகோவின் டெஹுவானாப் பெண்கள் உடுத்தும் ஆடையைத் தொங்கவிட்டார். அடிப்பகுதியிலோ, அச்சான ஒளிப்படங்களிலிருந்து வெட்டியெடுத்த மக்கள்திரளை ஒட்டினார். அது அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம். கட்டடங்களை வண்ணத்தால் புனைந்தவர், வறுமையுற்ற மக்களைப் புனையாமல் ஒளிப்படமாகவே வைத்தார். ஆடை மட்டும் அங்கே. உடுத்தியவர் உள்ளமோ தாய்நாட்டில்.

'சட்டகம்' என்னும் 1938ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தில், தம் முகத்தை அலுமினியத் தகட்டில் தீட்டினார். அதன்மேல் நாட்டுப்புறக் கைவினைஞர் பறவைகளும் பூக்களும் எழுதிய கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தினார். பெயரறியாத கைவினைஞரின் வேலையும் பெயர்பெற்ற கலைஞரின் வேலையும் ஒரே படைப்பில் சமமாக அமைந்தன. 1939ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அதனை விலைக்கு வாங்கியது.

1940களில் கிடைத்த பழைய நேர்த்திக்கடன் ஓவியம் ஒன்றில் அவருக்கு நேர்ந்தது போன்ற விபத்தே தீட்டப்பட்டிருந்தது. காலோ அதிலிருந்த பெண்ணுக்குத் தம் இணைந்த புருவங்களைச் சேர்த்து, பேருந்தின் பெயர்ப்பலகையையும் மாற்றித் தம் வரலாறாக்கிக்கொண்டார். முன்பின் அறியாத ஒருவரின் துயரம் இவ்வாறு மற்றொருவரின் துயருக்கு உருத் தந்தது.

மணலும் பட்டமும்

ஒஹாக்காவில் பிறந்த ருஃபினோ தமாயோ (1899 – 1991) இளமையில் தம் அத்தையுடன் சந்தையில் பழம் விற்றவர். வண்ணத்தில் மணலையும் பளிங்குத்தூளையும் கலந்து, பழைய சுவரையும் சுடுமண்ணையும் ஒத்த பரப்பை உருவாக்கினார். அதே மாநிலத்தவரான பிரான்சிஸ்கோ டொலேடோ (1940 – 2019) மணல், மெழுகு, பட்டைத்தாள் ஆகியவற்றில் தம் மண்ணின் விலங்குகளையும் கதைகளையும் படைத்தார்.

2014 செப்டம்பர் 26 அன்று கெரேரோ மாநிலத்தின் இகுவாலா நகரில், அயோட்சினாபா ஊரக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்த 43 மாணவர்கள் வலிந்து கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். டொலேடோ அவர்களுடைய முகங்களைத் தாள் பட்டங்களில் அச்சிட்டார். இறந்தோர் நாளில் பட்டம் விட்டால் அதன் நூலின் வழியே ஆன்மாக்கள் இறங்கி வரும் என்பது அவர்தம் ஊர் வழக்கு. நிலத்திலும் நீரிலும் தேடியும் கிடைக்காதவர்களை வானத்தில் தேட, ஒஹாக்காவின் தெருவில் பள்ளிக் குழந்தைகள் அப்பட்டங்களைப் பறக்கவிட்டனர். தாளும் மையும் நூலும் காற்றும் சேர்ந்த அப்படைப்பு, நீதி கேட்கும் குரலாயிற்று.

உருவாக்கும் முறை

கலப்பு ஊடக ஓவியத்தின் அழகு போலவே உறுதியும் இன்றியமையாதது. தகரம், மரம், கனத்த தாள் ஆகியவற்றைத் தாங்குவதற்கு மெல்லிய துணியைவிடப் பலகையே ஏற்றது. செய்தித்தாள் நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும் இயல்புடையது. எனவே, அதன் இருபுறமும் அக்ரிலிக் பசை பூசிக் காப்பர். அக்ரிலிக் வண்ணத்தின்மேல் எண்ணெய்வண்ணம் தீட்டலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் தீட்டினால் அது ஒட்டாது உரியும். பொருள்களின் இயல்பை அறிந்து மதிப்பவருக்கே அவை கைகொடுக்கும்.

ஊக்கமும் உரிமையும்

மெக்சிகோவின் குறியீடுகள் இன்று உலகெங்கும் ஓவியங்களிலும் ஆடைகளிலும் விற்பனைப் பொருள்களிலும் காணப்படுகின்றன. இதனால் அக்கலை பரவுகிறது. அதே வேளையில், படைத்த மக்களின் பெயர் மறைந்துபோகும் இடரும் நேர்கிறது. 2022ஆம் ஆண்டில் மெக்சிகோ அரசு, பழங்குடி மக்கள் மற்றும் ஆப்பிரிக்க வழி மெக்சிகோ மக்களின் பண்பாட்டு உடைமையைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஒரு குறியீட்டைக் கையாளும் கலைஞர் அதன் பொருளையும் அதைக் காத்தவர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். பொருளறியாது எடுத்தாண்டால் மண்டையோடு வெறும் அலங்காரமாகவும், மான் வெறும் கோலமாகவும் சுருங்கிவிடும்.

பட்டைத்தாளைத் தட்டிய பெண்களும், தகரத்தில் தீட்டிய ஊர் ஓவியர்களும், மெழுகில் நூல் பதித்தவர்களும் தம் படைப்புகளில் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்றவை பொருள்களே. விலையுயர்ந்த ஊடகம் இல்லாத மக்களும் தம் வாழ்வைப் பதிவு செய்ய இயலும் என்பதற்கு அப்பொருள்கள் சான்றாக நிற்கின்றன.