வலுவைக் குறைப்பதே திறமை

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களாகிய எமக்கு விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டமையும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஷெல் வீச்சுக்கு அஞ்சி மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தமையுமே நினைவுக்கு வருகின்றன. இரு சமூகத்தாரும் ஆயுதத்தின் முன்னால் ஊரிழந்தவர்கள்.

ஆயினும் அதே கருவியைக் கொண்டு உலகம் ஒரு விளையாட்டையும் நடத்தி வருகின்றது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலிலேயே கிடைத்தன. இவ்விளையாட்டு மனிதரிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதை, போட்டிக்கான கைத்துப்பாக்கி ஒன்று சீர்செய்யப்படும் முறையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை மாத்திரமே வெடிக்கும். வெடிப்பின் பின்னுதைப்பினால் குழலின் மேலுள்ள உருக்குப் பகுதி பின்னோக்கி நகர்ந்து வெற்றுக் கோதை வெளியே வீசும். அப்போது அமுக்கப்படும் சுருளிவில் மீண்டும் விரிந்து, அப்பகுதியை முன்னே தள்ளி, அடுத்த ரவையை அறைக்குள் ஏற்றும். எனவே ரவையின் வலுவும் சுருளிவில்லின் இறுக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்திருத்தல் வேண்டும்.

அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கி இதற்கு நல்ல உதாரணமாகும். அதன் வழமையான சன்னம் ஏறத்தாழ 15 கிராம் எடையுடையது. செக்கனுக்கு 250 மீற்றர் அளவு வேகத்திற் செல்வது. போர்க்களத்துக்கென அமைந்த இந்த வலு, கடதாசி இலக்கைத் துளைப்பதற்குத் தேவையற்றது. அது கையை உலுக்கும். அடுத்த சூட்டுக்குக் குறி திரும்புவதைத் தாமதப்படுத்தும். ஆகவே இலக்குப் போட்டியாளர்கள் 12 கிராம் அளவுள்ள சன்னத்தையும் குறைந்த வெடிமருந்தையும் விரும்புகின்றனர்.

சிக்கல் இங்கேதான் எழுகின்றது. 16 இறாத்தல் இறுக்கமுள்ள வழமையான சுருளிவில்லை இந்த மெல்லிய ரவையால் முழுமையாக அமுக்க இயலாது. வெற்றுக் கோது வெளியேறாமல் இடையிற் சிக்கிக்கொள்ளும். எனவே 12 இறாத்தல் போன்ற தளர்ந்த வில் பொருத்தப்படுகின்றது. மெல்லிய துணி தைக்க அமரும் தையற்காரர் முதலில் இயந்திரத்தின் நூல் இறுக்கத்தைத் தளர்த்துவதை நாம் கண்டிருக்கிறோம். இதுவும் அத்தகையதே.

தளர்த்துவதற்கும் எல்லை உண்டு. வில் மிகத் தளர்ந்தால் அடுத்த ரவை அறைக்குள் முழுமையாக ஏறாது. தளர்ந்த வில்லுடன் வலுமிக்க ரவையைச் சுட்டால் உருக்குப் பகுதி சட்டத்தில் மோதி அதனைச் சிதைக்கும். வெடிமருந்து அளவுக்கு மீறிக் குறைந்தாலோ சன்னம் குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். அதை அறியாது அடுத்த ரவையைச் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும். இதனாலேயே இவ்வேலை தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளரின் பொறுப்பில் விடப்படுகின்றது.

மென்மையைத் தேடும் ஆவல் அளவு மீறியபோது விதிகளும் தலையிட்டன. ஒலிம்பிக்கின் 25 மீற்றர் விரைவுச் சூட்டுப் போட்டியில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து ரவைகளை 8, 6, 4 செக்கன்களுக்குள் சுட வேண்டும். முன்னர் அதற்கு மிகக் குறைந்த வலுவுள்ள .22 குறு ரவையும், தொட்டாலே இயங்கும் விசையும் பயன்பட்டன. 2005 முதல் வலுக்கூடிய .22 நெடு ரவையும், ஆகக்குறைந்தது 1000 கிராம் விசை எடையும் கட்டாயமாக்கப்பட்டன. கருவி தரும் வசதி குறைந்து, கையின் பயிற்சிக்கு மதிப்புக் கூடியது.

கருவி ஒருபோதும் முழுமையாக நம்பத்தக்கதல்ல என்பதற்கு இந்திய வீராங்கனை மனு பாக்கரின் அனுபவம் சான்றாகும். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீற்றர் தகுதிச் சுற்றிலே அவருடைய கைத்துப்பாக்கி பழுதடைந்தது. அது காற்றழுத்தத்தால் இயங்குவது; சுருளிவில் சிக்கல் அதற்கில்லை. ஆயினும் பழுது நீக்குவதில் பெறுமதியான நிமிடங்கள் கழிந்தன. 575 புள்ளிகளுடன் 12 ஆம் இடத்தைப் பெற்ற அவர், இரண்டு புள்ளிகளால் இறுதிப் போட்டியை இழந்தார். மூன்று ஆண்டுகளின் பின்னர், பரிஸில் அதே போட்டியிலும் கலப்பு இரட்டையரிலும் வெண்கலப் பதக்கங்களை வென்றார். பழுதைத் திருத்தியது தொழிலாளரின் கையாக இருக்கலாம். தோல்வியைத் திருத்தியது அவருடைய பொறுமையே.

இவற்றை எழுதுவதால் குடாநாட்டுக்குள் மீண்டும் துப்பாக்கி வரவேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. ஒரு விளையாட்டை அறிந்துகொள்வது வேறு. அதனை முற்றத்துக்கு அழைத்து வருவது வேறு. பட்டாசுச் சத்தத்துக்கே திடுக்கிடும் தாய்மார் இன்னமும் எம்மிடையே வாழ்கின்றனர். என்றாவது ஒருநாள் வடக்கின் பாடசாலைகளில் இவ்விளையாட்டைத் தொடங்க எவரும் எண்ணுவாராயின், அது காற்றழுத்தத் துப்பாக்கியுடன் நிற்கட்டும். படைமுகாமுக்குள் அல்லாது பொது விளையாட்டரங்கில், பெற்றோரின் சம்மதத்துடன், தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் இரு தரப்பினருக்கும் திறந்ததாக அது நடைபெறட்டும். அந்தச் சம்மதம் கிடைக்காவிடின் அதையும் மதித்து ஒதுங்க வேண்டும்.

இக்கருவியின் வலு எத்துணை பெரியது என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அந்த வலுவைப் படிப்படியாகக் குறைத்து, மூச்சை அடக்கி, கடதாசியில் விழும் ஒரு துளையோடு நிறைவு காண்பவர்களும் உலகில் உள்ளனர் என்பதை எமது பிள்ளைகள் அறிந்துகொள்வதில் தவறில்லை.