பல் மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா?

வாசல் கதவைத் திறக்கும்போது, சாவியை நுழைக்கும் முன் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். சாவியின் பல் வரிசை வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா? பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கடலோர ஊரான எங்கள் காயல்பட்டினத்தில் ஒரே தெருவிலேயே இரண்டு வகையும் கிடைக்கும். பூட்டு செய்த கம்பெனி ஒரு காரணம், அதைக் கதவில் பொருத்திய ஆசாரி இன்னொரு காரணம்.

சாவி வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. சாவி தொலைந்து, பூட்டு ரிப்பேர்காரர் வந்து கம்பி விட்டுத் திறக்க வேண்டியிருந்தால்? பல் மேலே இருந்தால் அவருக்குச் சுலபமா, கீழே இருந்தால் சுலபமா?

முதலில் பூட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். நடுவில் ஒரு பித்தளை உருளை. சாவி நுழைவது அதற்குள்தான். உருளை சுழன்றால் தாழ்ப்பாள் விலகும். அதைச் சுழலவிடாமல் பிடித்து வைத்திருப்பவை ஐந்தாறு குட்டிக் குழிகளில் இருக்கும் குச்சிகள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு குச்சி, ஒரு ஸ்பிரிங். சாவியைத் தொடும் குச்சியைச் 'சாவிக்குச்சி' என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் இருப்பது 'தடைக்குச்சி'. அதற்கும் பின்னால் ஸ்பிரிங். ஸ்பிரிங் தள்ளுவதால் தடைக்குச்சியின் ஒரு பகுதி உருளைக்குள்ளும் மறு பகுதி வெளிக்கூட்டுக்குள்ளும் குறுக்கே நிற்கும். அப்புறம் உருளை எப்படிச் சுழலும்?

சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடும் பள்ளமும் ஒவ்வொரு ஜோடியையும் வேண்டிய அளவு மட்டும் தள்ளும். இரண்டு குச்சிகளும் சந்திக்கும் இடம் மிகச் சரியாக உருளையின் ஓரத்துக்கு வந்து நிற்கும். குறுக்கே எதுவும் இல்லை, உருளை சுழலும். அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் 1848இல் இந்த வகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1860களில் அதை நாம் இன்று பார்க்கும் தட்டைச் சாவிப் பூட்டாகச் செதுக்கினார்.

சாவியின் பல் எந்தப் பக்கமோ, குச்சிகளும் அந்தப் பக்கம்தான். பல் மேலே பார்த்தால் குச்சிகள் சாவிக்கு மேலே. ஸ்பிரிங் அவற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். பல் கீழே பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஸ்பிரிங் குச்சிகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் முதல் வகை. ஐரோப்பாவின் பல நாடுகளில் இரண்டாம் வகை.

அப்படியானால் தலைகீழ்ப் பூட்டில் ஸ்பிரிங்குக்கு வேலை அதிகமோ? கணக்குப் போடுவோம். 3 மில்லிமீட்டர் தடிமனும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பித்தளைக் குச்சியின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராம்தான். ஸ்பிரிங்கின் தள்ளலுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. நம்பாவிட்டால் பட்டன் வைத்த பால்பாயிண்ட் பேனா ஒன்றை எடுங்கள். நேராகப் பிடித்து அமுக்குங்கள், தலைகீழாகப் பிடித்தும் அமுக்குங்கள். 'டிக்' சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். ஸ்பிரிங்குக்கு மேல், கீழ் தெரியாது. அதே பேனாவைத் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் எழுத்து மங்கி நின்றுவிடும். (சுவரிலேயே எழுதிப் பார்த்துவிட்டு உம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.) மையைத் தள்ள அங்கே ஸ்பிரிங் இல்லை. பூமியின் ஈர்ப்பு மட்டும்தான் அதைக் கீழே இறக்குகிறது.

இந்த வித்தியாசம்தான் ரிப்பேர்காரரின் கையில் விளையாடுகிறது. அவர் உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பியால் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவார். எந்தப் பூட்டிலும் குழிகள் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அதனால் எல்லாக் குச்சியும் ஒரே நேரத்தில் இறுகாது. இறுகியதைத் தள்ளினால், அதன் தடைக்குச்சி உருளையின் ஓரத்தைத் தாண்டியதும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இனி ஸ்பிரிங் என்ன தள்ளினாலும் அது உள்ளே வராது.

சாவிக்குச்சியைக் கவனியுங்கள். அதைத் தள்ளிக்கொண்டிருந்த தடைக்குச்சி தனியாகப் பிரிந்துவிட்டது. ஸ்பிரிங்கின் கை இனி சாவிக்குச்சியை எட்டாது. அந்தப் பொடிக் குச்சியை ஆள்வது அதன் சொந்த எடை மட்டும்தான்! குச்சிகள் மேலே இருக்கும் பூட்டில், விடுபட்ட சாவிக்குச்சி தொப்பென்று மறுபடி சாவித் துவாரத்துக்குள் விழுந்து தொங்கும். கம்பியால் தொட்டால் லொடலொடவென்று ஆடும். ஆடுகிறதே, இது முடிந்த குச்சி என்று விரல் கண்டுபிடிக்க வேண்டும். குச்சிகள் கீழே இருக்கும் பூட்டில், தள்ளிய இடத்திலேயே சாவிக்குச்சி அடங்கிக் கிடக்கும். முடியாதவை மட்டும் ஸ்பிரிங் பலத்தில் நிமிர்ந்து நிற்கும். கம்பி போகும் வழியில் இடைஞ்சல் குறைவு. எது முடிந்தது, எது பாக்கி என்று சுலபமாகப் பிரித்து அறியலாம். ஆக, பூட்டின் பலம் மாறவில்லை. அது ரிப்பேர்காரருக்குச் சொல்லும் சேதிதான் மாறுகிறது. எந்தப் பக்கம் பழகினாரோ அந்தப் பக்கம்தான் அவருக்குச் சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கே இல்லாமல் எடையை மட்டும் நம்பிய பூட்டுகளும் இருந்தன. பழைய எகிப்திலும் மெசபொத்தேமியாவிலும் பெரிய மரப்பூட்டுகள் செய்தார்கள். மரக்குச்சிகள் தம் எடையால் தாழ்ப்பாளில் உள்ள துளைகளுக்குள் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். சாவி பல் துலக்கும் பிரஷ் மாதிரி இருக்கும். அதை அடியில் நுழைத்து மேலே தூக்கினால் குச்சிகள் எழும்பும், தாழ்ப்பாளை இழுத்துவிடலாம். அந்தப் பூட்டைத் தலைகீழாக மாட்டினால் குச்சிகள் எல்லாம் தாழ்ப்பாளை விட்டு விலகி விழுந்துவிடும், சாவியே வேண்டாம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். காயல்பட்டினத்தில் பலர் சென்னை, கொழும்பு, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள். சில வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். லீவுக்கு வந்து இறங்கியதும் நடக்கும் பேச்சு இது:

"வாப்பா, போன தடவ இந்தச் சாவி நல்லாத்தானே போட்டுச்சு?"

"ஆறு மாசமா ஆளில்லாம கிடந்த வீடுல்லா. உப்புக் காத்து சும்மா இருக்குமா?"

வாப்பா சொல்வது சரி. கடல் அலை உடையும்போது தெறிக்கும் பொடித் துளிகள் காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோர ஊரில் அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம். பித்தளைக் குச்சியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஸ்பிரிங் இரும்புக் கம்பியாக இருந்தால் துருவேறி ஒருநாள் ஒடியும்.

மேல், கீழ் என்பது உண்மையிலேயே பெரிய விஷயமாவது இங்கேதான். சாவித் துவாரம் வழியாகப் போகும் தூசியும் மணலும் அடியில் படியும். குச்சிகள் மேலே இருந்தால் அழுக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. கீழே இருந்தாலோ, குழிகளே குப்பைத் தொட்டி. ஸ்பிரிங் ஒடிந்தாலும் இதே கதை. மேலே உள்ள குச்சிகள் தம் எடையால் எப்படியும் இறங்கிவிடும். பூட்டு அரைகுறையாகவாவது வேலை செய்யும். கீழே உள்ளவை குழிக்குள் அமிழ்ந்துபோகும். சாவிக்குச்சியே உருளையின் ஓரத்தில் குறுக்கே நின்றுவிடும். சாவியால் அதைக் கீழே அமுக்கத்தான் முடியுமே தவிர, மேலே தூக்க முடியாது. சரியான சாவி கையில் இருந்தும் வாசலில்தான் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், கடலோர வீட்டில் பல் மேலே பார்க்கும்படி பூட்டைப் பொருத்துவதே நல்லது. தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

கேட்டில் தொங்கும் பூட்டு எந்தக் கணக்கில் சேரும்? அதன் துவாரம் பெரும்பாலும் அடியில் இருக்கும். சாவி கீழிருந்து மேலே போகும். உள்ளே குச்சிப் பூட்டாக இருந்தால், குச்சிகள் படுத்த நிலையில் பக்கவாட்டில் நகரும். மேலும் இல்லை, கீழும் இல்லை. துவாரத்துக்குள் போன தூசியில் கொஞ்சம் தானே கீழே கொட்டிவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் குச்சியே கிடையாது; லிவர் என்னும் உலோகத் தகடுகளைச் சாவி தூக்குகிறது. அந்தத் தகடுகளையும் ஸ்பிரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது என்பதால், தொங்கினாலும் படுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. தொங்கு பூட்டில் ரிப்பேர்காரருக்கு இன்னொரு வசதி உண்டு. கதவில் பதித்த பூட்டை அவர் திருப்ப முடியாது. இதைக் கையில் எடுத்துத் தனக்குப் பழகிய பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.