கேட்டால்தான் சொல்லும் மீட்டர்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல் குவாரி லாரி எடை மேடையில் ஏறி நின்றதும், அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டரில் எண்கள் ஓடி ஓர் அளவில் நிற்கும். அதே எண் பக்கத்துக் கணினியில் ரசீதாக அச்சாகும். இண்டிகேட்டரின் முதுகில் செருகியிருக்கும் ஒன்பது ஊசி கேபிளின் வேலை அது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடுசெல் தரும் சில மில்லிவோல்ட்டை இண்டிகேட்டர் கிலோவாக மாற்றி, ஒவ்வோர் எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகம் வைத்திருக்க வேண்டும்; மாறினால் திரையில் கிறுக்கல்தான்.

1960-இல் வந்த இந்த ஆர்எஸ்-232 முறைக்கு எல்லை சுமார் 15 மீட்டர். ஒரு கேபிளுக்கு ஒரே கருவி. எடை மேடைக்கு இது தாராளம். சர்க்கரை ஆலையைப் போன்ற இடத்திலோ மாத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலோ பாய்லர் ஒரு மூலை, மின் பேனல் இன்னொரு மூலை. அங்கே எடுபடுவது 1983-இல் வந்த ஆர்எஸ்-485. முறுக்கிய இரண்டே கம்பி, 1,200 மீட்டர் வரை, 32 கருவிகள். வெல்டிங் மெஷின் கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும்.

ஒரே கம்பியில் எல்லாக் கருவியும் பேசினால் சந்தைக்கடைதான். அதற்கு மோடிகான் நிறுவனம் 1979-லேயே வகுத்திருந்த மாட்பஸ் நெறி கைகொடுத்தது: கணினி கேட்டால் மட்டுமே கருவி வாய் திறக்கும். கேள்வி எட்டே பைட். கருவியின் முகவரி, ‘படித்துச் சொல்’ என்பதற்கான 3, அளவு பதிந்திருக்கும் இடமான ரெஜிஸ்டரில் எதிலிருந்து, எத்தனை, கடைசியில் பிழை பார்க்க இரண்டு பைட். இரண்டு ரெஜிஸ்டருக்குப் பதில் ஒன்பது பைட். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் கேள்வியும் பதிலும் கம்பியில் ஓட நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். முப்பது கருவிகள் இருந்தாலும் சில நொடிகளில் சுற்றி வந்துவிடலாம். பாய்லர் சூடு அதற்குள் எங்கே ஓடிவிடப் போகிறது? இந்தப் பழைய கம்பி இன்னும் கழற்றப்படாததற்கு, விலையோடு இதுவும் காரணம்.

ஈதர்நெட் நுழைவது அலுவலகப் பக்கம். பேனல் அறையில் கேட்வே என்ற சிறு பெட்டி ஆர்எஸ்-485 கம்பியை லேன் கேபிளோடு இணைக்கிறது. மாட்பஸ் கேள்வி இப்போது நெட்வொர்க் பொட்டலத்துக்குள், 502-ஆம் எண் வாசல் வழியாகப் போகும். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் இழுபடாது என்பதால் தூரத்துக் கருவிகளை அந்த இரண்டு கம்பியே பார்த்துக்கொள்கிறது.

உண்மையான தலைவலி வேறு. மீட்டரில் 230 வோல்ட் காட்டும், கணினியில் பூஜ்யம். கம்பி சரி, முகவரி சரி; கோளாறு எண்ணைப் படிப்பதில். தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும். எது முதல் பாதி என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போவதில்லை. பாதிகளை இடம் மாற்றிப் படித்தால் 230, பூஜ்யத்தை ஒட்டிய எண்ணாகிவிடும். ஏ, பி என்று கம்பிகளுக்குப் பெயர் வைப்பதிலேயே ஒற்றுமை இல்லாதவர்கள், இதில் மட்டும் ஒத்துப்போவார்களா? கையேட்டின் ரெஜிஸ்டர் பட்டியலைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கும் பட்டறையில், சாஃப்ட்வேரில் ஒரு தெரிவை மாற்றினால் 230 வந்துவிடும்.